யுவராணி சேர்த்த கடைசி வரி

கம்பம் பள்ளத்தாக்கில் யுவராணியின் முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. குரல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கூடலூர் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, சின்னமனூர்க் கோயில் கும்பாபிஷேகம், தேனியில் இலவசக் கண் முகாம், எதுவானாலும் ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து வருவது அவள் குரல்தான். குமுளிக் கடைகளுக்கு மலையாளத்தில் பேசிக் கொடுப்பாள். கேட்டவர்கள் யாரோ கட்டப்பனைப் பக்கத்துப் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். எந்த ஊர்க்காரனும் தன் ஊர்ப் பிள்ளைதான் பேசுகிறது என்று நம்புகிற குரல் அது. அந்த நம்பிக்கைதான் அவளுக்குச் சோறு போட்டது. ஒரு பெண்ணின் படிப்பைத் திசை திருப்பிவிட்டதும் அதே நம்பிக்கைதான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் முத்துக்குமரன். கம்பம் மெயின் ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். கூடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் ஒட்டிய முட்டை அட்டைகள், அவ்வளவுதான். ஃபேன் போட்டால் பதிவில் இரையும். அதனால் பேசுகிறவரும் நானும் வியர்வையில் குளித்துக்கொண்டேதான் வேலை பார்ப்போம். எனக்கு முன்கோபம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. முட்டை அட்டைக்குள் ஒரு மே மாதத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

யுவராணிக்குப் பிறந்த ஊர் சுருளிப்பட்டி. அப்பா ஒச்சாண்டிக்குத் திராட்சைப் பந்தல். ப்ளஸ் டூவில் அவள்தான் பள்ளியில் முதல் மதிப்பெண். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கொடியில் சாம்பல் நோய் விழுந்து அப்பா தலையில் கைவைத்து உட்கார்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். அதைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. ஒச்சாண்டி முடியாது என்றுவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். சிக்கலே அதுதான்.

"பொம்பளப் பிள்ளைய வெளியூர்ல விட்டுட்டு, வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு என்னால இருக்க முடியாது ஆத்தா" என்றார்.

"ஆஸ்டல் வேணாம்ப்பா. விடியுமுன்ன பஸ் ஏறுறேன். காலையில போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துர்றேன்" என்று பந்தலுக்கு அடியில் நின்று அழுதிருக்கிறாள். அவர் அண்ணாந்தபடி கொடியை வெட்டிக் கவாத்து செய்துகொண்டே இருந்தாராம். தலையைக் கீழே இறக்கி மகளைப் பார்க்கவில்லை. அடுத்த தை மாதமே கூடலூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை விஜய்பாண்டி குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவர், சாது. கல்யாணத்தைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பெரியகுளம் போகிற பஸ்ஸைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் மைக்கைப் பிடித்த கதை வேடிக்கையானது. கூடலூர்த் திருவிழாவில் ஒரு குழந்தை தொலைந்துபோயிற்று. மைக் செட்காரர், "சிவப்பு நிறச் சட்டை அணிந்த சிறுவனைக் கண்டவர்கள் உடனடியாக விழாக் குழுவை அணுகவும்" என்று நாலு தரம் சொல்லிவிட்டார். யாரும் அணுகவில்லை. தாய்க்காரி மண்ணில் புரண்டு அழுகிறாள். கூட்டத்தில் நின்ற யுவராணி விறுவிறு என்று மேடையில் ஏறி, மைக்கைப் பிடுங்கி, "ஏலே தம்பி, நீ எங்கனயும் போகாத. நிக்கிற இடத்துலயே நின்னு, ஓங்கி அம்மான்னு கத்து. உங்கம்மாவுக்குக் கேக்கும்" என்றாள். பலூன் கடைக்குப் பின்னாலிருந்து அம்மா என்று ஒரு அலறல் வந்தது. ஊரே பெற்றவர்களிடமும் பொதுமக்களிடமும் பேசிக்கொண்டிருந்தபோது, இவள் ஒருத்திதான் தொலைந்த பிள்ளையிடம் பேசினாள். அன்றைக்கு ஸ்பீக்கர் என்னுடையது. மறுவாரமே அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

அன்று முதல் அவள் வேலை செய்கிற விதம் ஒன்றுதான். கடைக்காரர்கள் தாளில் எழுதிக் கொண்டுவருவதை அப்படியே படிப்பாள். முடிந்ததும் தன் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்ப்பாள். ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வராதீக, அப்பத்தான் நிம்மதியா எடுக்கலாம்" என்று சேர்த்தாள். கடையில் கூட்டம் தாங்கவில்லை. பல் மருத்துவருக்கு, "வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டாரு, சீக்கிரம் முடிச்சிருவாரு" என்றாள். தாளில் இருக்கிற எதுவும் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்காது, அந்தக் கடைசி வரிதான் நிற்கும். நாளடைவில் வருகிறவர்களே, "கடைசியில அந்தப் பிள்ளை ஒண்ணு சொல்லுமே, அதையும் போட்டுருங்க" என்று கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்தார்கள்.

போன வருடம் மே மாதம் எபனேசர் சார் மாடியேறி வந்தார். ஒரு அரசுப் பல்கலைக்கழகம் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் புதிதாகப் பெண்கள் கல்லூரி ஒன்றைத் திறந்திருந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த வேலை நாளைக்கு வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். எபனேசர் அங்கே வணிகவியல் வாத்தியார், நாகர்கோவில் பக்கத்துக்காரர். மாணவர் சேர்க்கைப் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டடம் இருக்கிறது, வாத்தியார்கள் இருக்கிறார்கள், பெஞ்சில்தான் ஆளில்லை. மேலிடத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் ப்ளஸ் டூவோடு நின்றுவிடுகிறார்கள், அவர்களைக் கூப்பிட்டு விளம்பரம் செய்யுங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது.

எனக்கு அது பிடிக்கவில்லை. "அரசாங்கக் கல்லூரின்னா எல்லாருக்கும் பொதுவா கதவைத் திறந்து வைக்க வேண்டியதுதான சார். ஒரு மதத்துக்குன்னு தனியா எதுக்குக் கூவணும்?" என்றேன்.

"கதவு திறந்துதான் சார் இருக்கு" என்றார் எபனேசர். "வராதவங்க வீட்டுக்குப் போய்த்தானே கூப்பிட முடியும்?"

அதிலும் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை போட வராது. தாளை வாங்கிப் பார்த்தேன். 'சிறுபான்மைச் சமூக மாணவியரின் உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தினை மேம்படுத்தும் பொருட்டு' என்று ஆரம்பித்தது. இதைத் தெருவில் போட்டால் ஆட்டோவுக்குப் பின்னால் நாய்கூட வராது.

யுவராணி தாளை ஒருமுறை படித்தாள். மடித்து எபனேசரிடமே கொடுத்தாள். "சார், இது ஆபீசுக்குப் பேசுறது. வீட்டுக்குப் பேசுறதை நான் சொல்லவா?" என்றாள். வழக்கமாக எழுதியதைப் படித்துவிட்டுத்தான் ஒரு வரி சேர்ப்பாள். முழுவதையும் தானே பேசுகிறேன் என்று அவள் கேட்டது அன்றைக்குத்தான். எபனேசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். அவருக்கு வேண்டியது பெஞ்சில் ஆள்.

சலாம் சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்றார் அவர். யுவராணி நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். நாக்கு பிரண்டது. கீழேயிருந்து டீ கொண்டுவந்த பாய், டம்ளரை வைத்துவிட்டு நின்று கேட்டார். "அப்படி இழுக்கக் கூடாதும்மா" என்று ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டுக் காலி டம்ளர்களோடு இறங்கிப் போய்விட்டார். அந்த விளம்பரத்தில் ஒரு முஸ்லிமின் பங்கு அவ்வளவுதான். கேட்டு வந்தது எபனேசர், பேசியது யுவராணி, பதிவு செய்தது முத்துக்குமரன். அப்போது மூன்று பேரும் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

அந்தத் தெருக்களில் அப்பாவை அத்தா என்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பேசினாள். "அஸ்ஸலாமு அலைக்கும். அன்பான அத்தாமாரே, அம்மாமாரே! நம்ம பிள்ளைகளுக்காக, நம்ம ஊருக்குப் பக்கத்துலயே, அரசாங்கம் நடத்துற பெண்கள் கல்லூரி வந்திருக்கு. தெரு முனைக்கே பஸ் வரும். தொழுகைக்குத் தனி அறை இருக்கு." அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "வெளியூருக்கு அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்க வேணாம். காலையில போற பிள்ளை சாயங்காலம் வீட்டுல."

எபனேசர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எனக்கும் சிலிர்த்தது. அந்த நெருப்பு யார் வயிற்றிலிருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் இத்தனை வருடம் மனசுக்குள் வைத்திருந்த அப்பாவின் சொல்லையும், அவரிடம் எடுபடாமல் போன தன் பதிலையும், இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்காக எடுத்து வெளியே போட்டாள். அதில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. அவளுக்குக் கிடைக்காதது அந்தப் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்றுதான் பேசினாள்.

விளம்பரம் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் தெருத் தெருவாகப் போயிற்று. பெண்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். ஜூனில் கல்லூரி பஸ்ஸில் நிற்க இடமில்லை. எபனேசர் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

சுருளிப்பட்டிக்குச் செய்தி போன விதம் வேறு. ஒச்சாண்டி மகளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஏன் ஆத்தா, அரசாங்கக் காலேசு அவுக பிள்ளைகளுக்கு மட்டுந்தானா? நம்ம பிள்ளைக என்ன பாவம் பண்ணுச்சு?"

"நம்ம பிள்ளைகளும் சேரலாம்ப்பா. ஆனா அன்னைக்கு எனக்காக எவன் வந்து சொன்னாலும் நீங்க கேட்டிருக்கவா போறீக?" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். எவன் வந்து சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதை நம்பித்தான் இத்தனை வருடம் மனசை ஆற்றி வைத்திருந்தாள்.

இந்த வருடம் ஏப்ரலில் எபனேசர் இன்னொரு யோசனையோடு வந்தார். படிக்கிற பிள்ளைகளே பேசுகிற மாதிரி சில பதிவுகள் வேண்டும். உத்தமபாளையத்திலிருந்து அபிதா என்ற முதலாண்டு மாணவியை அழைத்து வந்திருந்தார். அவளைக் கூடத்தில் விட்டுவிட்டு, போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க யுவராணியை வரச் சொல்லியிருந்தேன்.

அபிதா ஒரே தடவையில் பேசிவிட்டாள். 'வீட்டுக்கு அருகிலேயே கல்லூரி அமைந்ததில் நானும் என் பெற்றோரும் மகிழ்ச்சியடைகிறோம்.' ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு உயிரும் இல்லை.

"கொஞ்சம் மைக்கை விட்டுத் தள்ளி நின்னு, இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள் யுவராணி.

அபிதா திரும்பி அவளையே பார்த்தாள். "அக்கா, அந்த ஆட்டோவுல பேசுனது நீங்களா?"

யாராவது குரலை அடையாளம் கண்டுகொண்டால் யுவராணிக்குப் பூரிப்புத் தாங்காது. "நானேதான்" என்றாள்.

"நீங்க முஸ்லிமா?"

"இல்லம்மா. நான் சுருளிப்பட்டி. ஏன்?"

"எங்கத்தா நீங்க எங்க ஆளுன்னு நெனச்சுட்டாக." அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவளுக்கு இயற்பியல் மேல் ஆசை. பள்ளியில் படித்தபோது லோயர்கேம்ப் மின் நிலையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மலையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீர் எப்படி வீட்டு விளக்காகிறது என்று பார்த்துவிட்டு வந்தவளுக்கு அதற்கப்புறம் வேறு நினைப்பில்லை. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு இடம் கிடைத்தது.

"அத்தாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வருசமா கெஞ்சுனேன்க்கா. கடைசியில சரின்னுட்டாக. ஆஸ்டலுக்குப் பெட்டிகூட வாங்கியாச்சு. அன்னைக்கு மத்தியானம் அத்தா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. உங்க ஆட்டோ வீட்டுக்கு முன்னால வந்து நின்னுச்சு. நீங்க நெருப்பைக் கட்டிக்கிட்டுன்னு சொன்னீகள்ல, அத்தா கை அப்படியே சோத்துல நின்னுபோச்சு. 'பாத்தியா, நம்ம பிள்ளையே சொல்லுது. இங்கனயே இருக்கையில அங்கன எதுக்கு?'ன்னாக. அவ்வளவுதான்."

"இங்கன என்னம்மா படிக்கிற?" யுவராணியின் குரல் இறங்கிவிட்டது.

"பி.காம். இங்கன பிசிக்ஸ் இல்லக்கா."

வெளியே எபனேசர் யாரிடமோ 'எஸ் சார், எஸ் சார்' என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள் அபிதா. "ஆனா அக்கா, அத்தாமாரே, அம்மாமாரேன்னுதான கூப்பிட்டீக? படிக்கப் போறது நாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலியே."

பிறகு மைக்கைப் பார்த்துத் திரும்பி நின்று, மகிழ்ச்சியடைகிறோம் என்று இன்னொரு தடவை சொன்னாள். போனை முடித்துவிட்டு உள்ளே வந்த எபனேசருக்கு அது பிடித்திருந்தது.

அவர்கள் போன பிறகு யுவராணி எழுந்திருக்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த சமாதானத்தைச் சொன்னேன். அந்த பஸ்ஸில் ஏறுகிற மற்ற பிள்ளைகளை நினைத்துப் பார், நீ பேசியிராவிட்டால் அவர்களில் பாதிப் பேர் அடுப்படியில் நின்றிருப்பார்கள் என்றேன். அது பொய்யும் இல்லை.

"அவுகளுக்கு நல்லதுதாண்ணே. நான் இல்லைங்கல" என்றாள். "ஆனா இவ தானே சண்டை போட்டு ஜெயிச்சு வச்சிருந்தாளே. எனக்கு முடியாததை இவ முடிச்சிருந்தா. நான் போயி அதைக் கெடுத்துட்டேன். தொலைஞ்ச பிள்ளைகிட்டப் பேசத் தெரிஞ்ச எனக்கு, இதுககிட்டப் பேசத் தோணலியே."

அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு உத்தமபாளையம் போனாள். அபிதாவின் அத்தா காஜா மைதீன் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பைப், பெயின்ட், தாழ்ப்பாள், ஆணி. வெள்ளைத் தாடி, நிதானமான மனிதர். யுவராணி வாய் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, அந்த விளம்பரத்துப் பிள்ளையா! வாங்க, உக்காருங்க. குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன்ல" என்று சர்பத் சொல்லி அனுப்பினார்.

தான் முஸ்லிம் இல்லை என்பதை முதலில் சொன்னாள். அவர் கொஞ்சம் திகைத்தார். "அதனால என்னம்மா. யாரு சொன்னா என்ன, நல்லதைத்தான சொன்னீக" என்றார்.

"இல்ல பாய். அந்தக் கடைசியில சொன்னது காலேசு எழுதிக் குடுத்ததில்ல. எங்கப்பா சொன்ன சொல்லு அது. அப்படிச் சொல்லித்தான் என்னையப் படிக்க விடாம நிறுத்துனாக. அதை நான் வேற நெனப்புல பேசிட்டேன். உங்க பிள்ளைக்கு மதுரையில கிடைச்ச படிப்பு வேற. இந்த வருசமாவது மறுபடி கேட்டுப் பாருங்க. அவளை அனுப்பிருங்க."

காஜா மைதீன் ஒரு வாடிக்கையாளருக்குத் தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்கப்பா தப்பா ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். "பிள்ளையைப் பெத்தவனுக்குத்தான் அந்த நெருப்பு தெரியும். மதுரைக்குச் சரின்னு சொன்ன நாள்ல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. பிள்ளை ஆசைப்படுதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து சொன்னீக, வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. இப்ப ராத்திரி நிம்மதியாத் தூங்குறேன். பிள்ளையும் சிரிச்சுக்கிட்டுத்தான் போகுது, வருது."

"நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் பாய்."

அவர் சர்பத் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "அன்னைக்கு ஒண்ணு சொன்னீக, நம்புனேன். இன்னைக்கு வேற ஒண்ணு சொல்றீக. ரெண்டும் ஒரே குரலு. நான் எதைக் கேக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். யுவராணி டம்ளரைக் கையில் எடுத்தாள். சர்பத்தைக் குடிக்காமல் எழுந்தால் அவர் மனசு வருந்தும் என்பதற்காக முழுவதையும் குடித்துவிட்டு வந்தாள்.

மே மாதம் எபனேசர் மறுபடி மாடியேறினார். இந்த வருடம் மேலிடத்தின் மனசு மாறியிருந்தது. ஒரு மதத்தைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்வது சரியில்லை என்று யாரோ மனுப் போட்டிருக்கிறார்களாம். "சலாமை மட்டும் வெட்டிடுங்க. அத்தாமாரேங்கிற இடத்துல பெற்றோர்களேன்னு மாத்திக்கலாம். தொழுகை அறை வேண்டாம். கடைசி வரி அப்படியே இருக்கட்டும், அதுதான் சார் ஹிட்டு" என்றார். போன வருடம் ஒரு மதத்தை மட்டும் கூப்பிடு என்றார்கள், இந்த வருடம் அந்த மதத்தின் பெயரே காதில் விழக்கூடாது என்கிறார்கள். நடுவில் எபனேசர் பாவம், இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்.

யுவராணி அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள். புதிதாக ஒன்றைப் பேசித் தருகிறேன் என்றாள். எபனேசர் நல்ல மனிதர், சரி என்றார். அவள் மைக்குக்கு முன்னால் நின்று வெகுநேரம் யோசித்துவிட்டுப் பேசினாள்.

"படிக்கப் போற பிள்ளைகளே, உங்ககிட்டத்தான் பேசுறேன். நீங்க என்ன படிக்க ஆசைப்படுறீகன்னு வீட்டுல வாய்விட்டுச் சொல்லுங்க. பெத்தவகளே, அதைக் காது குடுத்துக் கேளுங்க. அப்புறம் வாங்க."

அவள் பேசியதிலேயே ஆக நல்ல வரி அதுதான் என்பேன். பெற்றோர்களே என்பதையும் மாற்றிப் பேசிக் கொடுத்தாள். கல்லூரிக் கமிட்டிக்குக் காட்ட வேண்டும் என்று, பழைய கடைசி வரியோடு ஒன்று, புதியதோடு ஒன்று, இரண்டையும் எபனேசர் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். குரலில் சங்கடம். "கமிட்டியில பழசைத்தான் போடச் சொல்றாங்க சார். புதுசு நல்லாத்தான் இருக்காம். ஆனா பிள்ளைங்க ஆசைப்படுற பாடம் நம்மகிட்ட இல்லாமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு கேக்குறாங்க."

கெட்ட வார்த்தை ஒன்று தொண்டை வரை வந்தது. எபனேசர் மேல் அதை எறிந்து என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிவிட்டேன். யுவராணியிடம் சொன்னபோது, "அந்தக் கேள்வியைத்தானண்ணே போன வருசமே அவுக கேட்டிருக்கணும்" என்றாள். குரல் அவள் தொண்டையிலிருந்து வந்தது என்றாலும், பென் டிரைவில் ஏறியபின் அது அவளுடையது இல்லை. எங்கள் தொழிலின் லட்சணம் அது.

போன வாரம் சுருளிப்பட்டிக் கோயிலில் ஸ்பீக்கர் கட்ட இடம் பார்க்கப் போயிருந்தேன். யுவராணியும் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று பைக்கில் ஏறிக்கொண்டாள். ஒச்சாண்டி பந்தலில் இருந்தார். வயசாகிவிட்டது, ஆனாலும் கவாத்துக் கத்தரியை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். எங்களுக்கு ஒரு தட்டில் திராட்சை எடுத்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே அண்ணாந்து கொடியை வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது ஆட்டோ வந்தது. இந்த வருடம் அது எல்லா ஊருக்கும் போகிறதே. தோட்டத்தை ஒட்டிய தெருவில் நின்று, அவள் குரலில் பேசியது. பெற்றோர்களே என்றது. பஸ் தெரு முனைக்கே வரும் என்றது. வெளியூருக்கு அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்க வேணாம். காலையில போற பிள்ளை சாயங்காலம் வீட்டுல.

யுவராணி கையிலிருந்த திராட்சையைத் தட்டில் வைத்தாள். ஒச்சாண்டியின் கத்தரி நின்றுவிட்டது. அவர் முழுவதையும் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"எம்புட்டு நல்லாச் சொல்ற ஆத்தா" என்றார். "இப்படி எடுத்துச் சொல்ல அன்னைக்கு ஒரு ஆளு இல்லாமப் போச்சே. காலையில போற பிள்ளை சாயங்காலம் வந்துரும்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருந்தா, உன்னையவும் அனுப்பியிருப்பேன்ல."

யுவராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவன் வந்து சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார் என்ற ஒரே ஆறுதலும் அந்த நிமிடம் போயிற்று. நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

"நான் சொன்னேன்ப்பா" என்றாள். ஊரெல்லாம் கேட்கிற குரல் அந்தப் பந்தலுக்குள் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இதே இடத்துல நின்னு, இதே வார்த்தையத்தான் சொன்னேன்."

ஒச்சாண்டி இந்தத் தடவை அண்ணாந்துகொள்ளவில்லை. கத்தரியைப் பிடித்தபடி மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.